போர்க்காலத்தில் பள்ளி மருத்துவ சேவை: டாக்டர் இல்லாதபோது எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது (1939–45) இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் மருத்துவ சேவை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைப் பற்றிய பக்கம் இது. ஆள் குறைந்தால் எல்லா வேலையையும் சம அளவில் குறைப்பதுதான் நியாயம் என்று தோன்றும். அங்கே நடந்ததைப் பார்த்தால், அது மிக மோசமான வழி. டாக்டர் கையில் இருந்த சில வேலைகளை அடியோடு விட்டதில் பிள்ளைகளுக்குப் பெரிய நட்டமில்லை. நர்ஸின் சீப்பை ஒரு மாதம் கீழே வைத்ததற்கோ நாடே பேசும் அளவுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

போருக்கு முன்பு இந்தச் சேவையில் என்னென்ன இருந்தன?

1907-ல் வந்த கல்விச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளை டாக்டர் பரிசோதிப்பதை உள்ளூர்க் கல்வி அமைப்புகளின் கடமையாக்கியது. 1908-ல் வேலை தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது ஏராளமான இளைஞர்கள் உடல் தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டதுதான் இதற்கு முதல் தூண்டுதல். கல்வி வாரியத்தின் முதல் தலைமை மருத்துவ அதிகாரி ஜார்ஜ் நியூமன்.

ஒரு பிள்ளையை மூன்று முறை பார்ப்பது வழக்கமாகியிருந்தது: பள்ளியில் சேரும்போது, 8 வயதில், 12 வயதில். உயரம், எடை, பல், கண், காது, தொண்டை, இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுவார்கள். இதற்கு அப்பால், ஆசிரியரோ பெற்றோரோ நர்ஸோ சந்தேகப்பட்டு அனுப்பும் பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பார்கள். சிரங்கு, சீழ்க்காது, கண்வலி போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு நர்ஸ் நடத்தும் கிளினிக், பல் கிளினிக், கண்ணாடி எழுதிக்கொடுக்கும் கிளினிக் ஆகியவையும் உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பல ஊர்களில் பள்ளி மருத்துவ அதிகாரியும் ஊரின் சுகாதார அதிகாரியும் ஒரே ஆள்தான்.

போர் வந்ததும் ஆள் எங்கே போனார்கள்?

டாக்டர்களைப் படைக்குப் பிரித்தனுப்பும் வேலையை மத்திய மருத்துவப் போர்க் குழு செய்தது. வயது குறைந்தவர்கள் முதலில் போனார்கள். மிஞ்சியவர்களுக்கும் இரட்டை வேலை: குண்டுவீச்சில் காயம்படுவோருக்கான முதலுதவி நிலையங்கள், அவசர மருத்துவமனைகள், பதுங்கு குழிகளின் சுகாதாரம். நர்ஸ்களை சிவில் நர்சிங் ரிசர்வ் (போர்க்கால மருத்துவமனைகளுக்கான நர்ஸ் அணி) இழுத்தது. பல் டாக்டர்களும் படைக்குப் போனார்கள். கட்டடமும் போயிற்று. 1939 செப்டம்பரில் பல பள்ளி கிளினிக்குகள் ஒரே நாளில் முதலுதவி நிலையங்களாக மாறின. குண்டு விழாத மாதங்களில்கூட அவற்றைத் திருப்பி வாங்குவது பெரும்பாடாக இருந்தது.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது பாதிக் கதைதான். மற்றப் பாதி, ஆளும் பிள்ளையும் வேறு வேறு இடத்தில் இருந்தது. செப்டம்பர் 1 முதல் 3 வரை சுமார் 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோர் இல்லாமல் பள்ளியோடு போன பிள்ளைகள். நகரத்தில் பள்ளி மூடிக் கிடக்க, அங்கே நர்ஸ் சம்பளத்தில் இருக்கிறார். கிராமத்தில் ஒரே நர்ஸ். அவரும் சைக்கிளில் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும், திடீரென்று வந்து இறங்கிய கூட்டத்தையும் பார்க்க வேண்டும். குண்டு விழவில்லை என்றதும் 1940 ஜனவரிக்குள் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். இப்போது நேர்மாறு: பிள்ளை நகரத்தில், நர்ஸ் கிராமத்தில்.

பள்ளியோடு அதன் நர்ஸையும் சேர்த்து அனுப்பிய இடங்களில் சிக்கல் குறைவு. கேட்டால் எளிது. ஆனால் சம்பளம் ஒரு கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு), வேலை இன்னொரு கவுன்டி என்றால் கணக்கு யார் தலையில் என்று கடிதம் போய் வரவே நேரம் சரியாக இருக்கும்.

டாக்டர் பாதியாகிவிட்டால் முதலில் எதைக் குறைக்க வேண்டும்?

8 வயதுப் பரிசோதனையை. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் (எண்கள் கணக்குக்காக மட்டும்). 12,000 பிள்ளைகள் உள்ள நகரம். அன்று பள்ளி வயது 5 முதல் 14 வரை, அதாவது ஒன்பது வயதுக் குழுக்கள். மூன்று குழுக்களைப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 4,000 பேர். ஒருவருக்கு 6 நிமிடம் என்றால் 400 மணி நேரம். இரண்டரை மணி நேர அமர்வாக 160 அமர்வுகள். நடுக் குழுவை விட்டால் 53 அமர்வுகள் மிச்சம்.

அந்தக் குழுவை அப்படியே கைவிட வேண்டியதும் இல்லை. நர்ஸும் வகுப்பு ஆசிரியரும் மூன்று வருடமாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பொறுக்கி அனுப்பும் ஐந்தில் ஒரு பிள்ளையை டாக்டர் பத்து நிமிடம் பார்த்தாலும் 18 அமர்வில் முடிந்துவிடும். நல்லாயிருக்கும் பிள்ளையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ‘குறையில்லை’ என்று எழுதும் நேரம்தான் இதில் மிச்சமாவது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளி வயதின் நடுவில்தான் தலைகாட்டும். அந்தப் பிள்ளை புகார் சொல்லாது. எல்லோருக்கும் கரும்பலகை இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே 8 வயதில் டாக்டர் பரிசோதனையை நிறுத்தினாலும் பார்வைச் சோதனையை மட்டும் நிறுத்தக் கூடாது. அதற்கு டாக்டர் தேவையும் இல்லை.

சேரும் பிள்ளைகளின் பரிசோதனையையும் நிறுத்தலாமா?

கூடாது. கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த சுகாதார நர்ஸின் கண்ணிலிருந்து விலகி, இடையில் யாரும் பார்க்காமல் ஐந்து வயதில் வந்து நிற்கும் கூட்டம் அது. இதயக் குறை, காது கேளாமை, வளைந்த கால், எல்லாம் அங்கேதான் முதன்முதலாகப் பிடிபடும். பள்ளியை விட்டுப் போகிறவர்களின் பரிசோதனை இதற்கு அடுத்தது. 14 வயதில் தொழிற்சாலைக்குப் போகிறவனுக்கு இன்ன வேலை ஆகாது என்று சொல்ல அதுவே கடைசி வாய்ப்பு.

விரைவு அணிவகுப்பு முறை என்றால் என்ன?

ஒரு வகுப்பு முழுவதும் வரிசையாக டாக்டர் முன்னால் கடந்து போகும். முகம், தோல், நடை, கை, வாய். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். சந்தேகம் தோன்றிய பிள்ளையின் பெயரை நர்ஸ் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் முழுப் பரிசோதனைக்கு அழைப்பார். புதிதாக வந்திறங்கிய கூட்டத்துக்கு மிகவும் ஏற்றது.

எதைப் பிடிக்கும்: தோல் நோய், வெளிறல், இளைப்பு, வெளிப்படையான பல் சொத்தை. எதைத் தவறவிடும்: இதயம், காது, கண். ஆகவே அணிவகுப்பில் பார்த்ததை அட்டையில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதக் கூடாது. எழுதினால் மூன்று வருடம் கழித்து அந்த அட்டையைப் பார்ப்பவர் நம்பிவிடுவார்.

பேன் விவகாரம் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று?

காலண்டர்தான் காரணம். பள்ளி நடக்கும் நாட்களில் நர்ஸ் குறித்த இடைவெளியில் வந்து எல்லாத் தலைகளையும் பார்ப்பார். ஆகஸ்டில் கோடை விடுமுறை, யாரும் பார்ப்பதில்லை. அந்த விடுமுறை முடியும் தறுவாயில், செப்டம்பர் முதல் நாளில், பிள்ளைகளை ரயிலேற்றி அந்நியர் வீட்டுப் படுக்கைகளில் படுக்க வைத்தார்கள். கிராமத்துச் சீமாட்டிகள் எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளையும் நாடாளுமன்றத்தையும் நிறைத்தன.

பிறகு பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி தொற்றுநோய் மருத்துவமனைகளின் சேர்க்கைப் பதிவுகளைத் தோண்டினார். பெரிய தொழில் நகரங்களில் சிறுமிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேன் இருந்தது. பள்ளிப் புள்ளிவிவரம் சொன்னதைவிட இது பலமடங்கு. நர்ஸ் வரும் நாள் தெரிந்து முந்தின இரவு அம்மா சீவி அனுப்புவதும், பள்ளிக்கு வராத கைக்குழந்தைகளையும் வேலைக்குப் போகும் அக்காக்களையும் யாரும் பார்க்காததும் அந்த இடைவெளிக்குப் பெரிய காரணங்கள்.

ஒரு தலையை எப்படிப் பார்ப்பது?

ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். இரண்டு இடங்கள் போதும்: காதுக்குப் பின்புறம், பிடரி. விரலால் வகிடு எடுத்து முடியின் அடியைப் பாருங்கள். உயிருள்ள ஈறு (பேன் முட்டை) தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் ஒட்டியிருக்கும், பழுப்பாக. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக இருப்பது எப்போதோ பொரிந்த வெற்று ஓடு. பொடுகைத் தட்டினால் உதிரும். ஈறு உதிராது, முடியோடு உருவித்தான் எடுக்க வேண்டும்.

அவசரத்தில் நடக்கும் தவறு, வெற்று ஓட்டைப் பார்த்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது. பிள்ளைக்குப் பாடம் போகும், அம்மாவுக்குக் கோபம் வரும், நர்ஸின் அடுத்த வாரமும் வீண். உயிருள்ள பேனோ, அடியில் ஒட்டிய ஈறோ இருந்தால் மட்டும் நடவடிக்கை.

சந்தேகம் தீர, அடர்பல் கொண்ட இரும்புப் பேன் சீப்பை ஈர முடியில் அடியிலிருந்து நுனிவரை இழுத்து வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்க வேண்டும். தோலைத் தொடாமல் மேலாக இழுத்தால் ஒன்றும் வராது.

பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்றால் சட்டம் என்ன சொன்னது?

எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்யச் சொல்லலாம். செய்யாவிட்டால் கல்வி அமைப்பே பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சுத்தம் செய்யலாம். சுத்தமான தலையோடு அதே வீட்டுக்குத் திரும்பினால், அம்மா தலையிலிருந்தும் தங்கை தலையிலிருந்தும் பேன் மறுபடி ஏறும். வீட்டுக்குப் போய் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் வேலை மிச்சம். ஆனால் சட்டம் கைக்கு எட்டியது பள்ளிப் பிள்ளைவரைதான்.

மருந்தில் ஏதாவது மாற்றம் வந்ததா?

வந்தது, நர்ஸின் நேரத்தை அதுதான் காப்பாற்றியது. பழைய முறையில் மண்ணெண்ணெயோ சசாஃப்ராஸ் எண்ணெயோ தடவித் துணி கட்டிப் பிறகு சீவ வேண்டும். பேன் சாகும், ஈறு சாகாது. ஈறு பொரிய 7 முதல் 10 நாள். ஆக, வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து.

போரின் நடுவில் லெத்தேன் என்ற மருந்து கலந்த எண்ணெய் வந்தது. சில மில்லியை வகிடு வகிடாகத் தோலில் தேய்த்துவிட்டுப் பத்து நாள் தலை குளிக்காமல் விட வேண்டும். முடியில் தங்கிய மருந்து பொரிந்து வரும் குஞ்சுகளையும் கொல்லும். ஒரே தடவை போதும், சீவத் தேவையில்லை. அம்மா அன்று இரவே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டால் எல்லாம் போச்சு. ‘சுத்தம் செய்தோம்’ என்று அவர் நினைப்பார், நீங்கள் மருந்து பலிக்கவில்லை என்று நினைப்பீர்கள். சொறிந்து புண்ணான தலையில் தடவினால் எரியும். புண்ணை ஆற்றிய பிறகுதான் தடவ வேண்டும்.

சொறிக்கு என்ன செய்தார்கள்?

இங்கேதான் ஆள் பற்றாக்குறைக்கு மிகப் பெரிய விடை கிடைத்தது. சிறு பூச்சி தோலைத் துளைத்து உண்டாக்கும் சொறி போருக்குச் சற்று முன்பே ஏறத் தொடங்கி, நெரிசலான இருப்பிடங்களில் வேகமாகப் பரவியது. 1941-ல் வந்த சொறி உத்தரவு, வீடுகளைச் சோதிக்கவும் நோயுள்ளவரைச் சிகிச்சைக்கு வரச் சொல்லவும் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தது. உத்தரவு சரி, ஆள்? பழைய முறையில் ஒவ்வொரு நோயாளியின் போர்வை, மெத்தை, உடை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி நீராவி அறைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்ரோலும் இல்லை, ஆளும் இல்லை.

மெல்லன்பி ஷெஃபீல்டில் ஒரு வீட்டில், போரில் சேர மனச்சாட்சி இடம் தராத தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். சொறி பிடித்த சிப்பாய்கள் அப்போதுதான் விட்டெழுந்த போர்வைகளில் அவர்களை உடையின்றிப் படுக்க வைத்தார். பலர் வாரக்கணக்கில் படுத்தும் சொறி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. உடம்போடு உடம்பு ஒட்டிப் படுப்பதுதான் முக்கிய வழி என்று தெரிந்தது. அந்தக் கணத்தில் நீராவி வண்டி தேவையற்றதாயிற்று. புது ஆள் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் பெருமளவு உழைப்பு மிச்சம்.

சிகிச்சை முறை?

பென்சைல் பென்சோயேட், 25 சதவீதக் குழம்பு. வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துடைத்து, கழுத்துக்குக் கீழே பாதம்வரை ஓர் அங்குலம் விடாமல் தட்டையான பெயின்ட் பிரஷ்ஷால் பூச வேண்டும். பெரியவருக்குச் சுமார் 60 மில்லி. பிள்ளைக்கு உடம்புக்குத் தக்கபடி குறைவு. காயும்வரை நிற்க வேண்டும். ஒரு நாள் குளிக்கக் கூடாது.

தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றே: விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, பிட்டத்தின் மடிப்பு, உள்ளங்கால். பூசி முடித்ததும் பிள்ளை கை கழுவினால், பூச்சி மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்தே மருந்து போய்விட்டது. மறுபடி கைக்குப் பூச வேண்டும்.

இரண்டு விஷயம் தெரியாவிட்டால் கிளினிக் நிரம்பி வழியும். ஒன்று, முதல்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குள் அதே கட்டிலில் படுக்கும் அண்ணன் தம்பிக்குப் போயிருக்கும். ஆகவே அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பூச வேண்டும். இரண்டு, பூச்சி செத்த பிறகும் அரிப்பு ஓரிரு வாரம் நீடிக்கும். ‘இன்னும் அரிக்குதே’ என்று திரும்பத் திரும்பப் பூசினால் மருந்தாலேயே தோல் வெந்து அரிக்கும், அதைச் சொறி என்று எண்ணி இன்னொரு தடவை பூசுவார்கள். பழைய கந்தகக் களிம்புக் காலத்தில் இந்தச் சுழலில் சிக்கியவர்கள் ஏராளம்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசி: ஆளே இல்லாதபோது எப்படிப் பெரிய இயக்கம் நடத்த முடிந்தது?

வேலையின் படிகளைக் குறைத்துத்தான். 1940 இறுதியில் அரசு இலவசமாக மருந்து கொடுத்து இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பு பல இடங்களில் முதலில் ஷிக் சோதனை (உடலில் நோய் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது): தோலில் ஊசி, ஐந்து முதல் ஏழு நாள் கழித்து வந்து பார்ப்பது, எதிர்ப்பு இல்லாதவருக்கு மட்டும் தடுப்பூசி, முடிந்தபின் மறுபடி ஷிக். டாக்டர் ஒரே பிள்ளைக்காக ஐந்தாறு முறை வர வேண்டும். சிறு பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எப்படியும் எதிர்ப்பு இருக்காது. ஆகவே முன்சோதனை தேவையில்லை என்று விட்டார்கள். படிகாரம் சேர்த்த டாக்சாய்டு (வீரியம் நீக்கிய நோய்நஞ்சு) மருந்தில் முதலில் 0.2 மில்லி, நான்கு வாரம் கழித்து 0.5 மில்லி. இரண்டே வருகை.

இங்கிலாந்து, வேல்ஸில் 1940-ல் 2,480 பேர் இந்த நோயால் இறந்தார்கள். 1945-ல் 722 பேர். கட்டாயமே இல்லாமல்.

சிக்கல்கள் இல்லாமலில்லை. பெற்றோரின் கையெழுத்து வேண்டும். லண்டனில் இருக்கும் அம்மாவிடமிருந்து டெவன் கிராமத்திலிருக்கும் பிள்ளைக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி? பிள்ளையைப் பொறுப்பேற்றவர் கையெழுத்துப் போட முடியாது. ஒப்புதல் தாளை ரயிலேறும் முன்பே வாங்கி அட்டையோடு குத்தி அனுப்புவதுதான் வழி.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பள்ளியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆகவே 5 முதல் 14 வரை எண்ணிக்கை வேகமாக ஏறும், அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் இந்த நோயில் சாகக்கூடியவர்களில் பெரும்பங்கு ஐந்து வயதுக்குக் கீழே. முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஊசி போட வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுவே காரணம். பள்ளியில் ஊசி போடும் நாளில் அண்ணனுடன் வரும் தம்பிக்கும் சேர்த்துப் போட்டுவிடும் ஊர்கள் புத்திசாலித்தனமானவை.

சிரிஞ்சு பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள்?

ஊசியை மட்டும் மாற்றி, ஒரே கண்ணாடிச் சிரிஞ்சால் பலருக்குப் போட்டார்கள். அன்று அது வழக்கம். இன்று படித்தால் வயிற்றைக் கலக்கும். ஊசி வழியே துளி ரத்தம் சிரிஞ்சுக்குள் பின்னோக்கி வரும். மஞ்சள் காமாலை பரவ அது போதும். 1945-ல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் சிரிஞ்சுகளைச் சுத்தப்படுத்துவதற்கென்றே தனிக் குறிப்பு வெளியிட்டது. எந்தப் படியைக் குறைத்தாலும் இந்தப் படியைக் குறைக்கக் கூடாது.

ஆசிரியர்களிடம் எந்த வேலைகளைக் கொடுக்கலாம்?

உயரம், எடை, பார்வை. மூன்றையும் நன்றாகவே செய்வார்கள், சாதனம் சரியாக இருந்தால்.

எடை: ஷூ, கோட் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே தராசு, அதே நேரம். பகலுணவுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று எடுத்தால் அந்த வித்தியாசத்தை வளர்ச்சி என்று எழுதிவிடுவீர்கள்.

பார்வை: ஸ்நெல்லன் எழுத்துப் பலகையிலிருந்து 6 மீட்டர் (20 அடி). அளவு நாடா தேடாமல் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைப் பலகையோடு கட்டிவிடுங்கள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்த வகுப்பறையில் வெளிச்சம் போதாது. பலகை மேல் தனி விளக்கு இல்லாமல் சோதித்தால் பாதி வகுப்புக்குக் கண்ணாடி தேவைப்படும். ஒரு கண்ணை மூட உள்ளங்கை கூடாது, விரலிடுக்கில் பார்ப்பார்கள்; அட்டை கொடுங்கள். வரிசையில் நிற்கிறவன் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவான். பலகையைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு இடத்தில் தொடங்குங்கள்.

கேட்கும் திறனுக்குப் போருக்கு முன்பே கிராமபோன் ஆடியோமீட்டர் இருந்தது. நாற்பது பிள்ளைகள்வரை ஒரே நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு, தட்டு மெல்ல மெல்ல அடங்கிய குரலில் சொல்லும் எண்களைத் தாளில் எழுதுவார்கள். இருக்கும் ஊரில் பொக்கிஷம். எண் எழுதத் தெரியாத சின்ன வகுப்புகளுக்கு உதவாது.

ஊட்டச்சத்துக் குறைவை யார் கண்டுபிடித்தார்கள்?

1935 முதல் டாக்டர் பிள்ளையைப் பார்த்து நான்கில் ஒன்றாக எழுத வேண்டும்: மிக நன்று, இயல்பு, சற்றுக் குறைவு, மோசம். பிள்ளையின் நிலையைவிட டாக்டரின் கண்ணையே அது அதிகம் காட்டியது. டாக்டர் மாறினால் ஊரின் ஊட்டச்சத்தும் மாறியது.

இலவச உணவுக்கும் இந்தத் தீர்ப்பே வாசற்படியாக இருந்தது. அதாவது பிள்ளை மெலியும்வரை காத்திருந்து, டாக்டர் மெலிந்துவிட்டது என்று எழுதிய பிறகே சோறு. 1941-ல் அந்த நிபந்தனை போயிற்று. டாக்டருக்கு ஒரு வேலை குறைந்தது, பிள்ளைக்கு ஒரு தட்டு கூடியது. 1940-ல் நாளைக்குச் சுமார் 1,30,000 பள்ளிச் சாப்பாடு. 1945-ல் 16 லட்சத்துக்கு மேல். 1934 முதல் அரைப் பென்னிக்குக் கிடைத்த மூன்றிலொரு பைன்ட் பாலும் (சுமார் 190 மில்லி) பெருகியது.

டான்சில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போனதால் பாதிப்பா?

மருத்துவமனைப் படுக்கைகளை வான்தாக்குதல் காயங்களுக்காக ஒதுக்கிவைத்ததால் பள்ளிப் பிள்ளைகளின் டான்சில் பட்டியல் நீண்டது. பெற்றோர் வருந்தினார்கள். ஆனால் கல்வி வாரியத்து டாக்டர் அலிசன் குளோவர் 1938-லேயே ஒன்றைக் காட்டியிருந்தார்: ஹார்ன்சி என்ற ஊரில் பள்ளி டாக்டர் மாறியதும் டான்சில் அறுவை 1928-ல் 186 ஆக இருந்தது 1929-ல் 12 ஆயிற்று. பிள்ளைகளின் தொண்டை ஒரு வருடத்தில் அப்படியா மாறும்? திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும், காது கெடும், மூச்சு அடைக்கும் பிள்ளைகளை மட்டும் முன்னுக்குத் தள்ளி மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னதில் இழப்பு சிறிதே.

பல்?

பல் டாக்டர் இல்லையென்றால் மாற்று ஆள் கிடையாது. முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல்லை அடைத்துக் காப்பாற்றுவதை முதலில் வைத்து, ஆடும் பால்பல்லை விட்டுவிடுவதே ஒரே உத்தி. சர்க்கரை 1940 ஜனவரியிலும் மிட்டாய் 1942-லும் ரேஷனுக்கு வந்தன. லண்டனின் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் போருக்கு முன்பும் நடுவிலும் பின்பும் பார்த்த மே மெல்லன்பி (கென்னத்துக்குச் சித்தி முறை) பற்கள் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் கண்டார். காரணம் சர்க்கரையா, பாலும் சுண்ணாம்புச் சத்துமா என்று அன்றே சண்டை.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

முதல் வாரங்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதே பெரும்பாலும் சரி. புது வீடு, இருட்டு, முற்றத்தின் கோடியில் கழிப்பறை. பழகியதும் பலருக்கு நின்றுவிடும். நிற்காதவர்களுக்கென்று விடுதிகள் திறந்தார்கள். நர்ஸ் செய்யக்கூடிய உருப்படியான உதவி, படுக்கைக்கு ரப்பர் விரிப்பும் சலவைக்குக் கூடுதல் காசும் வாங்கிக் கொடுப்பது.

பிள்ளை ஊர் மாறும்போது பதிவு அட்டையை என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையோடு அனுப்ப வேண்டும். 1939-ல் பல இடங்களில் அட்டைகள் நகர அலுவலக அலமாரியிலேயே தங்கின. கிராமத்தில் இதயக் குறையுள்ள பிள்ளை வயல் வேலைக்கு ஓடியது. ஊசி போட்டவருக்கே மறுபடி போட்டார்கள். முழு அட்டையை அனுப்ப முடியாவிட்டால் ஒரு சிறு சீட்டு போதும்: பெயர், பிறந்த தேதி, பள்ளி, தடுப்பூசித் தேதிகள், கண்ணாடி உண்டா, தொடர் சிகிச்சை என்ன, எதைச் செய்யவிடக் கூடாது. ஆறு வரி.

இலங்கையோடு ஒப்பிட ஏதேனும் உண்டா?

வயதுக் குழு முறை அங்கும் உண்டு: பள்ளி மருத்துவப் பரிசோதனை குறிப்பிட்ட வகுப்புகளில் (1, 4, 7, 10) நடக்கும், 200 பேருக்குக் குறைந்த பள்ளியென்றால் எல்லோரையும் பார்ப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப நல மருத்துவிச்சியும் முன்வேலையை முடித்துவைக்க, எம்.ஓ.எச். (வட்டாரச் சுகாதார மருத்துவ அதிகாரி) வந்து பார்ப்பார். உள்நாட்டுப் போரின் நடுவில், 1995 முதல் போலியோ சொட்டு மருந்துக்கென்று குறித்த நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்ததும் இங்கே சொல்லத்தக்கது. ஆள் பற்றாக்குறைக்கு அதுவும் ஒரு விடை: ஆண்டு முழுவதும் சிதறும் வேலையை ஓரிரு நாளில் குவிப்பது.

போர் முடிந்தபின் பழைய முறைக்கே திரும்பினார்களா?

முழுதாக இல்லை. 1944 கல்விச் சட்டம் இலவச சிகிச்சையையும் அமைப்புகளின் கடமையாக்கியது. 1945-ல் பெயரும் ‘பள்ளி உடல்நல சேவை’ என்றாயிற்று. 1946 முதல் பால் இலவசம். மூன்று முறை பார்க்கும் பழைய பரிசோதனை திரும்ப வந்தது. அதை விட்டுத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே மேல் என்ற வாதம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

இதில் சொன்ன மருந்துகளை இன்று பயன்படுத்தலாமா?

லெத்தேன், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பென்சைல் பென்சோயேட் இன்றும் கடைகளில் உண்டு, ஆனால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெர்மெத்ரின் கிரீமைத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள். எதுவானாலும் அளவு கேட்டுப் பூசுங்கள். இரும்புப் பேன் சீப்பு அப்படியே இருக்கிறது.